கிடார் இல்லாத கேசட்

பூந்தமல்லியில் நாங்கள் வாசித்த நிகழ்ச்சியின் கேசட்டைக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நீங்க உச்சத்துல இருந்தீங்க சார்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றும். ஒரு ராக் குழுவைத் தெரிந்துகொள்ள அதன் ஒரே ஒரு மேடை போதும், அந்த மேடையின் பதிவு கையில் இருந்தால் குழுவே கையில் இருக்கிறது என்று நினைக்கிற ரகம் ஒன்று உண்டு. அந்த ரகத்தோடு நான் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தக் கேசட்டில் எங்கள் கிடார் இல்லை. கிடார்காரன் வாசிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வாசித்தான். அவன் வாழ்நாளில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி வாசித்ததில்லை. கேசட்டில் இல்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் போட்டோவைக் காட்டி, "ஆகா, என்ன கல்யாணம்" என்று சொன்னால் பெண் வீட்டாருக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். எண்பதுகளின் கடைசி. நான் மேனாம்பேடு, அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை ஒன்று இருந்தது, ஒத்திகை அதில்தான். கல்யாண பேண்ட் செட்டுக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட டிரம்களை வாங்கி ஒட்டுப்போட்டு நான் வாசித்தேன். பாடகன் பூந்தமல்லிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை, கோயில் பாடற்குழுவில் வளர்ந்தவன். நல்ல குரல், நல்ல உயரம், இரண்டும் இருப்பது அவனுக்கும் நன்றாகத் தெரியும். கீபோர்டு வாசித்தவன் அம்பத்தூர். வலது கையால் பாட்டு, இடது கையால் பேஸ், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். கிடார் வாசித்தவன் ஆவடி. டாங்கி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வீடு. அவன் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வீட்டுக்குள் நாகர்கோவில் தமிழ், வாசலைத் தாண்டினால் எங்களையே மிஞ்சுகிற மெட்ராஸ் பாஷை.

குழுவுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. பெரிய டிரம்மின் தோலில் பெயிண்ட் அடித்து எழுதும்போது கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் சின்னதாக்கி நுழைத்திருந்தேன். அந்தப் பெயரை இங்கே சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் அந்தக் கேசட்டைத் தேடிப் போவீர்கள்.

கிடார்காரன் ஐ.டி.ஐ. படித்தவன். வெளிநாட்டிலிருந்து வரும் டிஸ்டார்ஷன் பெட்டியெல்லாம் எங்களுக்குக் கண்ணால் பார்க்கவே கிடைக்காத காலம். ரிச்சி தெரு எலக்ட்ரானிக் கடைகளில் சாமான் பொறுக்கி வந்து, ஒரு பழைய ஜாமெட்ரி டப்பாவுக்குள் அவனே ஒன்று செய்தான். மேலே டேபிள் லேம்ப்பிலிருந்து கழற்றிய சுவிட்ச். அதைக் காலால் அமுக்கினால் கிடாரின் சத்தம் நொறுங்கிக் கரகரவென்று தடித்து வரும். ராக் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கரகரப்புதான் அதன் உயிர். சத்தத்தை வேண்டுமென்றே கிழிப்பதுதான் அங்கே வித்தை.

கிழிப்பது என்றுதான் நாங்களும் சொல்வோம். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரே குடும்பம் நடத்தும். ஒருவன் பிரமாதமாக ஏதாவது செய்தால் "கிழிச்சிட்டாம்பா" என்பார்கள். ஒன்றுமே செய்யாமல் வந்து நின்றாலும் "ஆமா, கிழிச்சே" என்பார்கள். எது பாராட்டு, எது நக்கல் என்று சொல்கிறவன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். முகம் தூரத்தில் இருந்தால் கஷ்டம்.

அவன் கிடாரைப் பாராட்டி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை நான் மிகைப்படுத்தவில்லை. ஒத்திகை நடக்கும்போது பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடா, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்பார். அவன் அப்பா அதைவிட மோசம். "என்னடே இது, தகரத்துல தேங்கா திருவுன மாதி" என்று சொல்லிவிட்டு வீட்டில் வாசிக்கவே தடை போட்டுவிட்டார். நாங்கள் எங்கே வாசித்தாலும் முடிந்ததும் ஜனங்கள் பாடகனைச் சுற்றிக்கொள்வார்கள். என்னிடமாவது குழந்தைகள் வந்து டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அவன் ஓரமாக உட்கார்ந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பான். "நல்லா இருந்துதாடா?" என்று என்னைத்தான் கேட்பான். நான் நல்லா இருந்தது என்பேன். "நீ சொல்லுவடா, நீ கூட வாசிக்கிறவன்" என்பான். குழுவுக்கு வெளியே இருக்கிற ஒருவர், காது உள்ள ஒருவர், ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எங்கள் சொந்தப் பாட்டு ஒன்றும் இருந்தது. மெட்டு அவனுடையது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து போட்டதால் எங்களுக்குள் அதற்கு ஏரிப் பாட்டு என்று பெயர். மெதுவான பாட்டு. நடுவில் ஓர் இடம் வரும். பாடகன் நிறுத்திவிடுவான். கீபோர்டு ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் சிம்பலை மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டிருப்பேன். அதற்கு மேல் கிடார் தனியாகப் போகும். எங்கே போகும், எப்போது திரும்பும் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. அவன் திரும்பி வருகிற இடத்தை நான் காதால் பிடித்து டிரம்ஸை இறக்க வேண்டும், பாடகன் அதற்குப் பின்னால் உள்ளே வர வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் அந்தப் பாட்டு. மற்றதெல்லாம் சும்மா வாசலும் திண்ணையும்.

பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், பாடகனின் கோயில் பங்கு இளைஞர்கள் நடத்திய விழா. ஸ்டால்கள், குலுக்கல், சாயங்காலம் எங்கள் நிகழ்ச்சி. மைக் செட் சென்னீர்குப்பத்துக்காரருடையது. கட்சிக் கூட்டம், காதுகுத்து, சாவு வீடு எல்லாவற்றுக்கும் அவர்தான். நாற்பது வயது இருக்கும், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். அந்தக் கிறிஸ்துமஸ் சீசனுக்காகப் புதிதாகப் பெட்டி ஸ்பீக்கர்கள் இறக்கியிருந்தார். மேல் சுற்றியிருந்த பாலித்தீன் உறையைக்கூட முழுசாகப் பிரிக்க மனசு வராமல் முன்பக்கம் மட்டும் வெட்டிவிட்டு வைத்திருந்தார்.

நிகழ்ச்சிக்கு முன்னால் சவுண்டு பார்த்தோம். மேடை மைதானத்தின் ஒரு கோடியில். அவருடைய மேஜை மறுகோடியில், கேட் பக்கம். ஜாமெட்ரி டப்பாவிலிருந்து ஓர் ஒயர் மேடையிலேயே இருந்த சின்ன ஆம்ப்ளிஃபையருக்குப் போனது. அந்த ஆம்ப்ளிஃபையரைக் கிடார்காரன் என் பக்கம் திருப்பி வைத்திருந்தான், எனக்குக் கேட்க வேண்டும் என்று. இன்னொரு ஒயர் மைக் செட்டுக்காரரின் மேஜைக்கு. பாடகன் பாடிப் பார்த்தான், கீபோர்டு ஆயிற்று, கடைசியில் இவன் முறை. சுவிட்சை அமுக்கி ஒரு இழு இழுத்தான்.

மறுகோடியில் மைக் செட்டுக்காரர் தூக்கிவாரிப் போட்டதுபோல் எழுந்து நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணாத்தே! கிழியுது!"

கிடார்காரன் முகத்தை நான் பார்த்தேன். அதை எப்படிச் சொல்வது. பரீட்சையில் பெயில் என்று நினைத்துக்கொண்டு போனவன் தன் நம்பரைப் பேப்பரில் பார்க்கிற முகம். மைதானம் அதிர அவனும் கத்தினான்: "கிழியட்டும் நைனா!"

"இன்னா?"

"கிழியட்டும்! நல்லா கிழியட்டும்!" கட்டைவிரலை வேறு தூக்கிக் காட்டினான். நாங்களும் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டினோம். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டியாடா?" என்றான் என்னிடம். "மைக் செட்டுக்காரன்டா. எத்தினி பேரைக் கேட்டுகீறான். அவன் சொல்றான்டா கிழியுதுன்னு." அன்று நிகழ்ச்சி ஆரம்பிக்கும் வரை அவன் உட்காரவே இல்லை.

அந்த நிகழ்ச்சியில் அவன் வாசித்ததைப் பற்றி எழுத எனக்கு வராது. நான் எழுத்தாளன் ஆனதே அதற்குப் பிறகுதான், இருந்தும் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேரும் அன்று எங்களைவிட நன்றாக வாசித்தோம். அவன் இழுத்துக்கொண்டு போனான், நாங்கள் போனோம். ஏரிப் பாட்டின் நடுவில் அவன் தனியாகக் கிளம்பியபோது மேடைக்கு ஒட்டி நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். கீபோர்டுக்காரன் வாயைத் திறந்து "டேய்" என்றான். பாடகன் மைக்கைப் பிடித்தபடியே திரும்பி நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று ஒரு நாள், அவன்கூட ரசிகனாக இருந்தான். பாடகனுக்குச் சேர வேண்டிய நியாயம் இது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மேடையில் இருக்கிறவனுக்கு வெளியே போகிற சத்தம் தெரியாது. ஸ்பீக்கர்கள் எங்களுக்கு முன்னால் ஜனங்களைப் பார்த்து நின்றன. எங்களுக்குக் கேட்டது அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையர். மேடையை ஒட்டி நின்றவர்களுக்கும் அதுதான் கேட்டிருக்கிறது. மைதானத்தில் மற்ற யாருக்கும் கிடார் கேட்கவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியவே தெரியாது.

பாடகனின் அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். பெரிய டேப்ரிக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்து மைக் செட்டுக்காரரின் மேஜையிலேயே ஒயர் சொருகிப் பதிவு செய்திருந்தார். பண்டிகை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, பாடகன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். அவன் அம்மா ஒரு தட்டு நிறைய கல்கல் பலகாரம் வைத்துவிட்டுப் போனார்.

முதல் பாட்டு. பாடகனின் குரல் கணீரென்று வந்தது. கீபோர்டு வந்தது. என் டிரம்ஸுக்கு முன்னால் வைத்த மைக்கில் நானும் வந்தேன். கிடாரைக் காணோம். "வால்யூம் கம்மியா கீதா?" என்றான் அவன். டேப்ரிக்கார்டரின் பக்கத்தில் போய்க் குனிந்து காதை வைத்துக்கொண்டான். இரண்டாவது பாட்டிலும் இல்லை. பாடகனின் மைக் வழியாகத் தூரத்தில் கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ ஒன்று, தெரிந்தவனுக்கு மட்டும். ஏரிப் பாட்டு வந்தது. நடுவிலே அந்த இடம் வந்தது. கீபோர்டின் ஒற்றைச் சுருதி, என் சிம்பல். ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று விசில் சத்தம். யாரைப் பார்த்து அடிக்கிறார்கள் என்றே தெரியாத விசில். அவன் குனிந்தபடியே இருந்தான், நிமிரவில்லை.

பாடகன் சொன்னான்: "என் வாய்ஸ் சூப்பரா வந்துகீதுல்ல?"

அந்தத் தட்டை எடுத்து அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. அவன் அம்மா உள்ளே இருந்தார்.

மறுநாளே நானும் கிடார்காரனும் சென்னீர்குப்பம் போனோம். அடிதடிக்குத் தயாராகத்தான் போனேன். மைக் செட்டுக்காரர் கடையில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவரே ஆரம்பித்தார்.

"வாங்க சார், வாங்க. கிழியட்டும்னு சொன்னவர் தானே நீங்க?"

"கிடார் லைனை ஏன்யா கட் பண்ணே?" என்றேன்.

"பின்ன? ஸ்பீக்கர் கிழியுதுன்னு கூவிகினு கீறேன், இந்தாளு கிழியட்டும்ன்றாரு, நல்லா கிழியட்டும்ன்றாரு. கட்டவெரல வேற தூக்கிக் காமிக்கிறாரு. இன்னா அது, உங்க அப்பன் ஊட்டு ஸ்பீக்கரா? புத்தம்புது பெட்டிப்பா. பேப்பர் கிழிஞ்சா எப்டி கொரகொரன்னு கத்தும்னு எனக்குத் தெரியாதா? அதான் அந்த லைன மட்டும் மூடிட்டு மத்ததெல்லாம் வுட்டேன். வுடலன்னா உங்க ப்ரோகிராமே பூட்டிருக்கும்."

ஸ்பீக்கரின் உள்ளே இருக்கிற காகிதக் கூம்பு கிழிந்தால் சத்தியமாக அப்படித்தான் கத்தும். அவர் காதில் அது ஸ்பீக்கர் சாகிற சத்தம். நாங்கள் இருந்த ஊரில் இருந்துகொண்டு, நாங்கள் பேசுகிற பாஷையைப் பேசிக்கொண்டு, ஒரே வார்த்தையை அந்தக் கோடியில் அவர் ஒரு மாதிரியும் இந்தக் கோடியில் நாங்கள் ஒரு மாதிரியும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். இதற்கு யாரைப் போய் அடிப்பது?

கிடார்காரன் சண்டை போடவே இல்லை. ஒன்றைத்தான் கேட்டான்.

"அப்போ நீங்க... நல்லா கீதுன்னு சொல்லலியா?"

"நல்லா கீதா?" அவர் நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "ஸ்பீக்கர் பூடுச்சேன்னு பதறிட்டேம்பா நானு."

அவன் தலையை ஆட்டினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டான். நான்தான் திட்டிக்கொண்டே வந்தேன். மைக் செட்டுக்காரரை, பாடகனை, அவன் அக்கா வீட்டுக்காரரை, துபாயை.

அப்போதுகூட அந்தக் கேசட்டை உடைத்துப் போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். பாடகன் அதற்குப் பிரதி எடுத்தான். ஒன்று பத்தாயிற்று, அம்பத்தூரிலும் ஆவடியிலும் யார் யார் வீட்டிலோ ஓடிற்று. "இன்னா வாய்ஸு மாமே" என்றார்கள். "பேண்டுனா இதான்யா, பேஜாரான சத்தம் இல்லாம, எவ்ளோ நீட்டா கீது" என்றார்கள். அந்த நீட்டு என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கும். நான் விடாமல் எல்லோரிடமும் சொன்னேன், அய்யா, இதில் கிடார் விட்டுப்போயிற்று, அது இருந்தால் வேறு மாதிரி இருக்கும் என்று. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆடினவன் அவன், கோணலைச் சொன்னது நான். அந்த வித்தியாசம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கொஞ்ச நாளில் பக்திப் பாடல் கேசட் போடுகிற ஒருவர் கையில் அது கிடைத்தது. பாடகனைக் கூப்பிட்டு அனுப்பினார். பாடகன் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த ஆஸ்பெஸ்டாஸ் அறையில் நின்றுகொண்டு சொன்னான்.

"அன்னிக்கி இருந்தாமாரியே இருந்தா போதும்ன்றாருடா. நீ, நானு, கீபோர்டு. கிடார் வேணான்றாரு. இதுலயே இல்லியே, நல்லாத்தானே கீதுன்றாரு."

"நீ இன்னா சொன்னே?"

"நான் இன்னா சொல்றது? கேசட்ல இல்லதானே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறேன்; மறைப்பவன் முகத்தை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து கிடார்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றவன் இவன்தான். இவனுக்குத் தெரியும். தெரிந்தும், இல்லதானே என்கிறான். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். குழு அன்றோடு சரி. அவனும் கீபோர்டும் போய், வேறு டிரம்ஸ்காரனை வைத்துக்கொண்டு, அவன் பேரிலேயே கேசட் போட்டார்கள். நன்றாகப் போயிற்று. அவன் பாடின ஜெபக் கூட்டங்களுக்கெல்லாம் கூட்டம் வந்தது. பிழைத்துப் போகட்டும்.

கிடார்காரன் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான், பிறகு வேலை நிரந்தரமாயிற்று. கிடாரை யாருக்கோ கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டால் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

தொண்ணூறுகள் வந்தன. சி.டி. வந்தது, கேபிள் டிவியில் இருபத்துநான்கு மணி நேரமும் ராக் வந்தது, அம்பத்தூரில்கூட அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வந்தார்கள். பழைய கேசட் அவர்கள் கைக்கும் போயிற்று. அவர்களில் ஒருவர், ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவர், என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஸ்டூடியோவில் எவன் வேண்டுமானாலும் நன்றாக வாசிப்பான், ஒரு குழுவின் நிஜமான தரம் மேடையில்தான் தெரியும், அதனால் உங்கள் பூந்தமல்லிப் பதிவு ரொம்ப முக்கியம் என்றார். அதுவரை பொறுத்துக்கொண்டேன். பிறகு ஏரிப் பாட்டுக்கு வந்தார். "நடுவுல ஒண்ணுமே வாசிக்காம விட்டீங்களே சார், வெறும் சிம்பல், வெறும் சுருதி. அந்தத் தைரியம் யாருக்கு வரும்?" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வேறு சொன்னார்.

அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். அடிக்கவில்லை என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். ஆனால் அன்று எனக்கு ஒன்று விளங்கியது. அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பதிவில் நாங்கள் மூவரும் உச்சத்தில்தான் இருக்கிறோம். எங்கள் ஒவ்வொரு தட்டும், ஒவ்வொரு நிறுத்தமும் அவனுக்குப் பதில். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் கேட்டுக்கொண்டு, ஆகா என்ன பதில் என்கிறார்கள். ஒரு குழுவின் மிகச் சிறந்த மேடை அதன் மிகச் சிறந்த மனிதனை அழித்துவிட்டுப் பதிவாகும் என்று அந்தப் பேராசிரியருக்கு எந்தப் புத்தகத்திலிருந்து தெரியும்?

இதை அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷமாக அவனுக்காக ஊரோடு சண்டை போட்ட நான், பாடகன் வீட்டில் கேட்டதற்குப் பிறகு அவனோடு உட்கார்ந்து அந்தக் கேசட்டை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேனாம்பேட்டிலிருந்து ஆவடிக்குக் கிளம்பினேன். பையில் கேசட்டும் சின்ன டேப்ரிக்கார்டரும். அப்பாவுக்குப் பிறகு அவனுக்கே குவார்ட்டர்ஸ் ஒதுக்கியிருந்தார்கள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் மனைவி மார்த்தாண்டத்துப் பெண். சர்ச்சுக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே பேண்டுல இருந்தோம். இவன் கிடார்" என்றேன் அவரிடம்.

"இவிய கிடார் வாசிப்பாவளா?" என்றார் அவர், அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. "எங்கிட்ட சொன்னதே இல்லியே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன்மேல்தான். "ஏன்டா சொல்லல?" என்றேன்.

"சொல்ல இன்னாடா கீது? கேசட்ட கேட்டேல்ல நீயும். நான் இல்லாம நல்லாத்தான் கீது." அவன் இதைக் கசப்பாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். ஊர் நம்பியதை அவனும் நம்பிவிட்டிருந்தான்.

"வாயை மூடு. உட்காரு" என்று டேப்ரிக்கார்டரை வைத்தேன். ஏரிப் பாட்டுக்கு ஓட்டினேன். அவன் மனைவியையும் உட்காரச் சொன்னேன். இங்கே பாருங்கள், நான் ஒரு தட்டு தாமதிக்கிறேன், ஏன்? இவன் இழுத்துப் பிடித்தான், அதற்காக. இங்கே கீபோர்டு திடீரென்று சின்னதாகிறதே, ஏன்? இவனுக்கு இடம் விட. கேளுங்கள், டேய் என்று ஒரு குரல் வருகிறதே, வாயே திறக்காதவன் திறந்துவிட்டான். இந்த விசில் யாருக்கு? பாடகனுக்கா? அவன் அந்த நேரத்தில் பாடவே இல்லை. வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவன் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசில் வந்த இடத்தில் நிமிர்ந்தான். "இன்னொரு தபா போடு" என்றான். கொஞ்சம் பின்னால் ஓட்டிப் போட்டேன். அவன் விரல்கள் தொடையின்மேல் லேசாக அசைந்தன. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவன் மனைவிக்கு முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "அந்த இடத்துல இவிய என்னதான் வாசிச்சாவ? அத நீங்க ஒருக்கா பாடிக் காட்டுங்களேன் அண்ணே" என்றார்.

"அதானே, பாடுடா" என்றான் அவனும். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தான்.

மறுபடி ஓட்டினேன். கீபோர்டின் சுருதி வந்து நின்றது. என் சிம்பல் ஆரம்பித்தது. நான் வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. எங்கே ஏறினான், எங்கே இறங்கினான், எந்தச் சுரத்தில் அவர்கள் விசிலடித்தார்கள், ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் யாரிடம் எதைச் சொல்லிச் சண்டை போட்டேனோ அது என்னிடம் இல்லை. அந்தக் கேசட்டை அத்தனை தடவை போட்டுக் கேட்டதில், அதில் உள்ளது மட்டும்தான் எனக்குள்ளும் இருந்தது. தெரு முழுக்கக் கத்திய நான், உள்ளே அவனைக் கட் பண்ணிவிட்டுத்தான் கத்தியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

"நீ சொல்லுடா" என்றேன். "நீதானே வாசிச்சே."

"எனக்கு எங்கடா ஞாபகம் கீது?" என்றான். "உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்."

சிம்பல் ஓடிக்கொண்டிருந்தது. விசில் வந்தது, போயிற்று. நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு என் டிரம்ஸ் இறங்க, அதன் பின்னாலேயே பாடகனின் குரல் கணீரென்று அந்த வீட்டுக்குள் வந்தது. அவன் மனைவி எங்கள் இருவரையும் பார்த்தார். சங்கடத்தைப் போக்க ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார் போல.

"பாடுறது யாரு?" என்றார். "நல்லா பாடுறாவளே."